வாடகை லைனை விட்டு இணையத்துக்கு மாறுவது: கிருஷ்ணகிரி வாசகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, விவசாய இடுபொருள்களும் சொட்டுநீர்க் கருவிகளும் விற்கும் எங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் கிருஷ்ணகிரியில் உள்ளது. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என 11 கிளைகள் உள்ளன. கணக்கு மென்பொருள் தலைமை அலுவலக சர்வரில் ஓடுகிறது. ஆறு கிளைகளுக்கு 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் எம்.பி.எல்.எஸ். லைன் (தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தனி வாடகை லைன்) இருக்கிறது, மற்ற ஐந்தும் சாதாரண பிராட்பேண்டில் ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்தே சர்வரின் திரையைத் திறந்து வேலை செய்யும் முறை) மூலம் சர்வருக்குள் வருகின்றன. லைன் ஒப்பந்தம் வருகிற மார்ச் 31 அன்று முடிகிறது. அதை விட்டுவிட்டு எல்லாக் கிளைகளையும் இணையத்தின் வழியே இணைத்து, எஸ்.டி-வான் (பல இணைப்புகளில் நல்ல பாதையைத் தேர்ந்தெடுக்கும் கருவி), சாஸி (கிளவுட் வழியான பாதுகாப்புச் சந்தா) இரண்டையும் போடச் சொல்லி ஒரு விற்பனையாளர் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். “வீட்டில் பிள்ளைகள் படம் பார்க்கிற பிராட்பேண்டை நம்பிக் கடையை நடத்துவதா?” என்கிறார் எங்கள் முதலாளி. மாறலாமா? அந்தப் பெட்டிகள் எல்லாம் வேண்டுமா? வாரம் ஒரு முறை தருமபுரியிலிருந்து வரும் ஒரே ஒரு ஹார்டுவேர் தம்பியை வைத்துக்கொண்டு இதைப் பராமரிக்க முடியுமா?
— கணக்குப் பிரிவு மேலாளர், கிருஷ்ணகிரி

பதில்:

மதிப்பிற்குரிய வாசகருக்கு, வணக்கம்.

மாறலாம். உங்கள் அளவுள்ள நிறுவனத்துக்கு அதுவே சரியான முடிவு என்றும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதப்பட்டிருக்கும் ஒரு வரி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் என்னை நிறுத்திவிட்டது. ஐந்து கிளைகள் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் சர்வருக்குள் வருகின்றன என்கிறீர்கள், இடையில் வி.பி.என். (இணையத்தின் ஊடே பிறர் படிக்க முடியாதபடி அமைக்கும் தனிவழி) எதையும் குறிப்பிடவில்லை. அப்படியானால் தலைமை அலுவலக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வர உதவும் எண்ணிட்ட வாசலை) யாரோ ஒருவர் சர்வரை நோக்கித் திறந்துவைத்திருக்கிறார் என்று பொருள். இன்று மாலை வீட்டில் வைஃபையில் சேராமல், கைபேசியின் மொபைல் டேட்டாவில் மடிக்கணினியை இணைத்து, கிளைகள் பயன்படுத்தும் அதே முகவரியைத் தட்டிப் பாருங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வந்தால், அதே திரை உலகத்தின் எந்த மூலையில் இருப்பவருக்கும் இந்த நிமிடம் வந்துகொண்டிருக்கிறது. போர்ட் எண்ணை 33890 என்று மாற்றிவைத்திருக்கிறோம் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள்; இணையத்தில் உள்ள முகவரிகளை எல்லாம் ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மாற்றத்தால் பயன் ஒன்றும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, தருமபுரியில் உள்ள ஒரு மொத்த வியாபாரியின் கடையிலிருந்து அழைப்பு வந்தது. நான் போய்ப் பார்த்தபோது சர்வரில் இருந்த ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பணம் கேட்டு ஒரு குறிப்பு திரையில் நின்றது. அங்கும் இதே போர்ட்தான் திறந்திருந்தது. பேக்கப் எடுப்பதற்காக வெள்ளிக்கிழமை செருகிய வெளி ஹார்டு டிஸ்க்கை யாரும் கழற்றாததால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டிருந்தார்கள். அச்சடித்த பில் நகல்களைக் கட்டுக் கட்டாக எடுத்துவைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளைகள் இருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து நிலுவைக் கணக்கை மறுபடி ஏற்றினார்கள். ஆகவே புதிய பெட்டிகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதிருக்கும் ரவுட்டரிலேயே வி.பி.என். வசதி இருந்தால் அதை இயக்கி, அந்த ஐந்து கிளைகளையும் அதன் வழியாக உள்ளே வரச் செய்து, திறந்த போர்ட்டை இந்த வாரமே மூடிவிடுங்கள். பேக்கப் டிஸ்க்கை எடுத்து முடித்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள்.

இனி முதலாளியின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர் நினைக்கும் காரணம் அது இல்லை. வாடகை லைன் என்றால் தகவல் பூட்டிய பெட்டியில் போகிறது என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எம்.பி.எல்.எஸ். அமைப்பில் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பாக்கெட்டுகளுக்கும் (தகவலைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டுகளுக்கும்) தனி அடையாளச் சீட்டு ஒட்டி, ஒருவருடையது மற்றவருடையதோடு கலக்காமல் பிரித்து அனுப்புகிறது, அவ்வளவுதான். குறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) எதையும் அந்த லைன் தானாகச் செய்வதில்லை. உங்கள் தொழிலின் மொழியில் சொன்னால், இத்தனை ஆண்டுகளாக உங்கள் மூட்டைகள் வாய் தைக்கப்படாமல் தனி லாரியில் போய்வந்தன. இணையத்தில் அவை எல்லாருடைய சரக்கும் போகும் பொது லாரியில் போகும். ஆகவே வாய் தைத்து முத்திரை வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஐ.பி.செக் என்று சொல்லப்படும் குறியாக்க டனல் (இரண்டு இடங்களுக்கு இடையே இணையத்தின் ஊடே போடும் மூடிய பாதை) அந்தத் தையல் வேலையைச் செய்கிறது. சரியாக அமைத்த டனல், குறியாக்கம் இல்லாத வாடகை லைனைவிட ரகசியத்தைக் கூடுதலாகவே காக்கும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. 2 எம்.பி.பி.எஸ். (மருத்துவப் பட்டம் இல்லை, நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அலகு) லைனில் 5 மெகாபைட் அளவுள்ள ஒரு பி.டி.எஃப். கோப்பை அனுப்ப, வேறு யாரும் லைனைத் தொடாமல் இருந்தாலே 20 நொடி பிடிக்கும். இந்த லைன்கள் போடப்பட்ட காலத்தில் கிளையின் வேலை முழுவதும் தலைமை அலுவலக சர்வரோடு முடிந்துபோனது. இன்று உங்கள் பாலக்கோட்டுக் கிளை இ-வே பில் போடுவது, இ-இன்வாய்ஸ் எடுப்பது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது எல்லாமே இணையத்தில் உள்ள சர்வர்களோடு நடக்கும் வேலை. அதுவும் அந்தக் குறுகிய லைனில் கிருஷ்ணகிரிக்கு வந்து, அங்குள்ள இணைய இணைப்பில் வெளியேறி, பதில் அதே வழியில் திரும்புகிறது. மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். இந்த வகைப் போக்குவரத்தைக் கிளையிலிருந்தே நேராக இணையத்துக்கு விட்டுவிட்டு, கணக்கு மென்பொருளின் போக்குவரத்தை மட்டும் டனலுக்குள் அனுப்பினால், உங்கள் ஊழியர்கள் தினமும் படும் அலுப்பில் பெரும்பகுதி அன்றைக்கே தீர்ந்துவிடும்.

முதலாளியின் தயக்கத்தில் நியாயம் உண்டு என்றேன். அது பிராட்பேண்டின் நம்பகத்தன்மையைப் பற்றியது. வாடகை லைனுக்கு எழுத்து மூலமான உறுதிமொழி உண்டு. மாதத்தில் 99.5 சதவீத நேரம் லைன் இயங்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் வரை அது நின்றிருக்கலாம் என்று அர்த்தம். அதற்கு மேல் நின்றால் கட்டணத்தில் கழிவு கேட்கலாம். சாதாரண பிராட்பேண்டில் அப்படி யாரையும் கேட்க முடியாது. ஒரு பேச்சுக்கு அது 98 சதவீதம்தான் இயங்குகிறது என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 14 மணி நேரத்துக்கும் மேல் கடை இருட்டில் நிற்கும். அதே தரத்தில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இணைப்புகளை வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுபோகும் வாய்ப்பு 10,000-இல் 4. மாதத்துக்குச் சுமார் 17 நிமிடம். விற்பனையாளர்கள் காட்டும் அழகான கணக்கு இதுதான். கணக்கில் தவறும் இல்லை. “ஒன்றோடொன்று தொடர்பில்லாத” என்ற சொற்களை மட்டும் அவர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

சென்ற ஆண்டு பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கடையில் நான் கண்டதைச் சொல்கிறேன். இரண்டு நிறுவனங்கள், இரண்டு பில், இரண்டு வெள்ளைப் பெட்டிகள். எல்லாம் முறைப்படி இருந்தன. ஆனாலும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் கடையின் யு.பி.எஸ். ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு இணைப்புகளும் ஒருசேர நின்றுபோயின. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். இரண்டு ஃபைபர் கம்பிகளும் ஒரே மின்கம்பத்தில் ஒரே பிளாஸ்டிக் பட்டையால் கட்டப்பட்டிருந்தன. அவற்றின் பின்னாலேயே நடந்து போனால், மூன்று தெரு தள்ளி உள்ளூர் கேபிள்காரரின் ஒரே அறைக்குள் இரண்டும் நுழைந்தன. அந்த அறையின் பேட்டரி ஒரு மணி நேரத்துக்குக்கூடத் தாங்கவில்லை. பெரிய நிறுவனங்களின் பெயரில் பில் வந்தாலும், கடைசி இரண்டு கிலோமீட்டரை இழுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் உள்ளூரில் ஒருவராகவே இருப்பார். ஆகவே ஒவ்வொரு கிளையிலும் கம்பியின் பின்னால் நடந்து போய், அது எந்தக் கம்பத்தில் ஏறி எந்த அறைக்குப் போகிறது என்று பார்த்து எழுதி வாருங்கள். அரை நாள் வேலைதான். எந்த விலைப்புள்ளியிலும் இது இருக்காது. சாலை விரிவாக்கம் நடக்கும் இடங்களில் இது இன்னும் முக்கியம். ஜே.சி.பி. தோண்டும்போது ஒரே பள்ளத்தில் கிடக்கும் எல்லாருடைய ஃபைபரும் ஒன்றாகத்தான் அறுபடும்.

என் பரிந்துரை: ஒவ்வொரு கிளைக்கும் முதல் இணைப்பு ஃபைபராகவும் இரண்டாவது இணைப்பு சிம் போட்ட 4ஜி அல்லது 5ஜி-யாகவும் இருக்கட்டும். ஒன்று கம்பி, மற்றது காற்று. ஒரே கம்பம் சாய்ந்து இரண்டையும் நிறுத்திவிட முடியாது. சிம் எந்த நிறுவனத்தினுடையது என்பதை ஊருக்கு ஊர் சோதித்தே முடிவு செய்ய வேண்டும். ஓசூரில் நன்றாக ஓடுவது தேன்கனிக்கோட்டையில் இழுக்கும். அஞ்செட்டியில் மலை மறைப்பதால் கடைக்குள் ஒரு கோடு, மொட்டை மாடியில் மூன்று கோடு என்று இருக்கும். கைபேசியில் சிக்னல் அளவைக் காட்டும் செயலிகள் உண்டு, அதில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற எண் மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, மைனஸ் 110-க்கும் கீழே போனால் நம்ப முடியாது. அஞ்செட்டியில் மாடியில் வெளி ஆன்டெனா வைக்கும்படி இருக்கும் என்றே ஊகிக்கிறேன். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரிப் பெட்டி வாங்கிவிடுங்கள். கம்ப்யூட்டர்கள் யு.பி.எஸ்.ஸை உறிஞ்சித் தீர்த்த பிறகும் ரவுட்டர் உயிரோடு இருக்கும்.

தலைமை அலுவலகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 11 கிளைகளும் வந்து சேரும் இடம் அது. அது நின்றால் அத்தனை கிளைகளும் நிற்கும். அங்கே ஸ்டேடிக் (மாறாத) ஐ.பி. முகவரியோடு கூடிய இணைய லீஸ்டு லைன் (கிளைகளுக்கு அல்லாமல் இணையத்துக்கே போகும் வாடகை லைன்) ஒன்றும், வேறு பாதையில் வரும் ஃபைபர் ஒன்றும் வேண்டும். லீஸ்டு லைன் ஏன் என்றால், பிராட்பேண்டில் பதிவிறக்க வேகத்தைப் பெரிதாகச் சொல்லிப் பதிவேற்ற வேகத்தைச் சில திட்டங்களில் குறைத்துக் கொடுப்பார்கள். கிளைகள் உணரும் வேகம் உங்கள் தலைமை அலுவலகத்தின் பதிவேற்ற வேகம்தான். ரிமோட் டெஸ்க்டாப் போன்ற வேலைக்கு ஒருவருக்குச் சில நூறு கிலோபிட் போதுமாகையால், இருபுறமும் சமமான 20 எம்.பி.பி.எஸ். உங்களுக்குத் தாராளம். ஸ்டேடிக் முகவரி ஏன் என்றால், மொபைல் சிம்களும் பல பிராட்பேண்டுகளும் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி தருவதில்லை. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே முகவரியின் பின்னால் நிறுத்திவைக்கின்றன. அப்படிப்பட்ட கிளையை வெளியிலிருந்து யாரும் அழைக்க முடியாது; கிளைதான் தலைமை அலுவலகத்தை அழைத்து டனலை எழுப்ப வேண்டும். கிளை ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் கிளை அந்த நிலையில் இருக்கிறது என்று அறியலாம்.

பெட்டி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, முகவரித் திட்டம். பிராட்பேண்டுக்காரர் வைத்துவிட்டுப் போகும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.1.1 என்ற எண்ணிலேயே வரும். உங்கள் ஐந்து கிளைகளும் இன்று அநேகமாக அதே எண் வரிசையில் இருக்கும். தனித்தனியாக இருக்கும்வரை தொல்லை இல்லை. டனல் போட்டு இணைத்த அன்றே, ஐந்து வீட்டுக்கும் ஒரே கதவு எண் இருக்கும் தெருவில் தபால்காரர் படும் பாடு தொடங்கிவிடும். 10.40.1, 10.40.2 என்று கிளைக்கு ஒரு வரிசை ஒதுக்கி, தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரே கிளைக்குள்ளும் பில் போடும் கம்ப்யூட்டர்கள், கண்காணிப்புக் கேமராக்கள், வந்துபோகிறவர்களுக்கான வைஃபை மூன்றையும் ஸ்விட்ச்சில் மூன்று தனி வி.லேன்களாக (ஒன்றோடொன்று கலக்காத உள்வலைகளாக) பிரித்துவிட வேண்டும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது, அவற்றின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டதால்தான். கேமராவுக்கும் பில் கவுண்டருக்கும் இடையே சுவர் இருந்தால், ஒன்றில் புகுந்தவர் மற்றதற்குத் தாவுவது கடினம். முதலாளி தம் அறையில் இருந்தே எல்லாக் கிளைகளின் கேமராக்களையும் பார்க்க விரும்புவார் என்பது என் அனுபவம். கிளைக்கு நான்கு கேமரா, ஒன்றுக்கு 2 எம்.பி.பி.எஸ். என்று வைத்தால் 11 கிளைகளுக்கு 88 ஆகிவிடும். கணக்கு மென்பொருளுக்கு இடமே இருக்காது. பதிவு கிளையிலேயே இருக்கட்டும். அவர் பார்ப்பதற்குக் குறைந்த தரத்திலான காட்சியை, வேண்டும்போது மட்டும் திறக்கும்படி அமைத்துக் கொடுங்கள்.

உரம் விற்கும்போது ஆதார் சரிபார்ப்புக்குப் பயன்படுத்தும் பி.ஓ.எஸ். கருவிகளை இதில் சேர்க்க வேண்டாம். அவை தம் சிம்மிலேயே ஓடட்டும்.

இப்போது எஸ்.டி-வானுக்கு வருவோம். பெயர் பெரிதாக இருந்தாலும் அது செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளையில் உள்ள பெட்டி, தன்னிடம் உள்ள ஒவ்வொரு இணைப்பின் வழியாகவும் தலைமை அலுவலகத்துக்கு ஒரு டனலை எழுப்பிவைத்துக்கொண்டு, எந்தப் பாதையில் எவ்வளவு தாமதம், எத்தனை பாக்கெட்டுகள் தொலைகின்றன, தாமதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று நொடிக்கு நொடி அளந்துகொண்டே இருக்கிறது. எந்த வேலையை எந்தப் பாதையில் அனுப்புவது என்பதை அந்த அளவைக் கொண்டு தீர்மானிக்கிறது. சாதாரண ரவுட்டரும் ஒரு லைன் செத்தால் மற்றதற்கு மாறும். ஆனால் நம் பகுதியில் லைன்கள் அவ்வளவு நேர்மையாகச் சாவதில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நூற்றுக்கு நான்கைந்து பாக்கெட்டுகள் தொலைந்துகொண்டிருக்கும். பில் திரை உறைந்து உறைந்து நகரும். ரவுட்டர் லைன் நன்றாக இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும். இந்த அரைகுறைச் சாவைக் கண்டுபிடித்து விலகுவதற்காகத்தான் எஸ்.டி-வானுக்குப் பணம் கொடுக்கலாம் என்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. டனலுக்குள் போகும் கணக்கு மென்பொருள் பாதை மாறியதை உணராமல் தொடர்ந்து ஓடும். ஆனால் கிளையிலிருந்து நேராக இணையத்துக்குப் போகும் வங்கித் தளத்துக்கு, உங்கள் முகவரி திடீரென்று மாறியதாகத் தோன்றும். பல வங்கிகள் அந்த நொடியில் வெளியே தள்ளிவிடும். பெட்டியில் கோளாறு என்று ஊழியர்கள் புகார் சொல்வார்கள். வங்கித் தளங்களை ஒரே பாதையில் பிடித்துவைக்கும்படி விதி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் விலைப்புள்ளியில் எல்லாக் கிளைகளும் எல்லாக் கிளைகளோடும் இணையும் வலைப்பின்னல் முறை எழுதப்பட்டிருந்தால் அதை அடித்துவிடலாம். தலைமை அலுவலகத்தையும் சேர்த்து 12 இடங்களுக்கு அது 66 இணைப்புகள். அரூர்க் கிளைக்கும் தேன்கனிக்கோட்டைக் கிளைக்கும் நேரடியாகப் பேச என்ன இருக்கிறது? எல்லாரும் கிருஷ்ணகிரியோடு பேசினால் போதும். கிளைக்கு இரண்டு பாதை வீதம் 22 டனல்; ஒருவர் தாளில் வரைந்து கண்ணால் சரிபார்க்கக்கூடிய அளவு. எஸ்.டி-வான் வசதியை உள்ளடக்கிய நடுத்தர ஃபயர்வால்கள் (வந்துபோகும் தகவலைச் சோதித்துத் தடுக்கும் காவல் பெட்டிகள்) பல நிறுவனங்களில் கிடைக்கின்றன; அவற்றில் ஒன்றே உங்களுக்குப் போதும்.

டனல் போட்ட முதல் நாளில் உங்கள் தம்பி இப்படி ஒரு தலைவலியோடு அழைப்பார்: உள்நுழைவுத் திரை வருகிறது, சின்ன பில் போடுகிறது, மாத அறிக்கையைத் திறந்தால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. லைனை நோக வேண்டாம். சாதாரணமாக ஒரு பாக்கெட்டில் 1,500 பைட் போகும், பிராட்பேண்டின் பி.பி.பி.ஓ.ஈ. முறை அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது. டனல் தன் முத்திரைக்காக இன்னும் ஐம்பது, அறுபது பைட்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. நிரம்பிய பாக்கெட் வாசலில் இடித்துக்கொண்டு விழுகிறது. பாதி நிரம்பியது நுழைந்துவிடுகிறது. டி.சி.பி. எம்.எஸ்.எஸ். (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தகவலின் உச்ச அளவு) என்ற அமைப்பை 1,350 அளவுக்குக் குறைத்தால் தீர்ந்துவிடும். இந்த ஒரு எண் தெரியாமல் இரண்டு நாள் லைன்காரரோடு சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன்.

பாதுகாப்பு விஷயத்தில்தான் விலைப்புள்ளி அதிகம் வீங்கும். இதுவரை இணையத்துக்கு வாசல் ஒன்று, அது கிருஷ்ணகிரியில் இருந்தது. அங்கே ஒரு காவலாளி போதுமாக இருந்தார். இனி ஒவ்வொரு கிளைக்கும் வாசல் உண்டு. இதற்கு விடையாக 2019-இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் பெயர் சூட்டிய முறைதான் சாஸி. வாசல்தோறும் பெரிய பெட்டி வைப்பதற்குப் பதிலாக, கிளைகளின் இணையப் போக்குவரத்தை முதலில் ஒரு கிளவுட் மையத்துக்கு அனுப்பி, அங்கே வடிகட்டி, பிறகு வெளியே விடுவது. ஊழியர் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவர் யார், எந்தக் கருவியில் வருகிறார் என்று சரிபார்த்து, அவருக்குரிய மென்பொருளை மட்டும் திறந்துவிடுவது. ஊழியர்கள் பல ஊர்களில் அலைந்துகொண்டிருக்கும் நிறுவனங்களுக்கு, மென்பொருள் எல்லாம் கிளவுடில் இருப்பவர்களுக்கு, நல்ல முறை. உங்கள் ஊழியர்கள் கடைக்குள் உட்கார்ந்து, ஒரே சர்வரில், ஒரே மென்பொருளில் வேலை செய்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கட்டும் முழு சாஸி சந்தா இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. கிளை ஃபயர்வாலின் அடிப்படைப் பாதுகாப்புச் சந்தா, தீய தளங்களின் பெயரைத் தேடும்போதே மறுத்துவிடும் டி.என்.எஸ். வடிகட்டல், சர்வருக்குள் நுழைய கடவுச்சொல்லோடு கைபேசியில் மாறிக்கொண்டே இருக்கும் ஆறு இலக்க எண், இவை மூன்றையும் முதலில் ஒழுங்காகச் செய்யுங்கள். விற்பனைப் பிரதிநிதிகள் ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கும் காலம் வந்தால், அவர்களுக்கு மட்டும் அந்தச் சந்தாவை வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டியின் தாளில் 1 ஜி.பி.பி.எஸ். என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பாதுகாப்புச் சோதனைகள் எல்லாவற்றையும் இயக்கிய பிறகு வரும் வேகத்தை வேறொரு வரியில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வேகம். விலையையும் முதல் ஆண்டுக்கு மட்டும் கேட்காமல், சந்தாப் புதுப்பிப்பையும் சேர்த்து மூன்று ஆண்டுக்கு மொத்தமாக எழுதி வாங்குங்கள். இரண்டாம் ஆண்டில் சந்தா காலாவதியாகி, பெயருக்கு ஃபயர்வால் என்று சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும் பெட்டிகள் நம் மாவட்டங்களில் ஏராளம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். கணினி அவசரகால உதவிக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்; கருவிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாள்களுக்கு வைத்திருக்க வேண்டும்; கருவிகளின் கடிகாரங்களை அரசின் நேர சர்வர்களோடு பொருத்தியிருக்க வேண்டும். கிளைப் பெட்டிகள் தம் பதிவுகளைச் சில நாள்களிலேயே அழித்துவிடும். தலைமை அலுவலகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரிலாவது அவற்றைச் சேர்த்துவைக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு தம்பி போதுமா என்ற கேள்விக்கு, போதும் என்பேன், சில ஏற்பாடுகளோடு. எல்லாப் பெட்டிகளையும் ஒரே திரையிலிருந்து நிர்வகிக்கும் வசதி உள்ளதை வாங்குங்கள். அவர் அஞ்செட்டிக்குப் பேருந்து ஏறாமலேயே பாதி வேலை முடியும். அந்த நிர்வாகக் கணக்கு உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியில் தொடங்கப்பட வேண்டும். விற்பனையாளரின் பொறியாளர் தம் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிவிட்டு, பிறகு வேலையை விட்டுப் போய், பெட்டியின் சாவி யாரிடம் என்றே தெரியாமல் தவித்த இரண்டு நிறுவனங்களை எனக்குத் தெரியும். கிளைப் பெட்டிகளைப் போலவே கூடுதலாக ஒன்று வாங்கி, அமைப்புகளை ஏற்றி, கிருஷ்ணகிரியில் தயாராக வைத்திருங்கள். கடைக்கும் பின்புறக் கிடங்குக்கும் இடையே திறந்த வெளியில் செம்பு லேன் கம்பி இழுத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஃபைபர் போடச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் மழையோடு வரும் இடிமின்னல் அந்தக் கம்பியின் வழியாகத்தான் ஸ்விட்ச்சுக்குள் நுழையும். எர்த் சரியில்லாத கடையில் அது ஸ்விட்ச்சோடும் நிற்காது.

மாற்றும் காலத்தையும் யோசித்து வையுங்கள். ஆடிப் பட்டத்தில் விதையும் உரமும் வாங்கக் கூட்டம் நெரியும்போதும், மார்ச் மாதக் கணக்கு முடிப்பின்போதும் கம்பியைத் தொட வேண்டாம். தை, மாசி தோதான மாதங்கள். தலைமை அலுவலகத்துக்கு அருகில் உள்ள காவேரிப்பட்டணத்தில் தொடங்குங்கள். தவறினால் அரை மணி நேரத்தில் ஆள் போய்விடலாம். அங்கே பழைய லைனைக் கழற்றாமல் இரண்டு வாரம் ஓட்டி, வேலை நேரத்திலேயே ஃபைபரைப் பிடுங்கிப் பார்த்து, பில் திரை எத்தனை நொடி தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக அஞ்செட்டியை எடுங்கள். சிக்னல் கிடைக்குமா, ஆன்டெனா வேண்டுமா என்பதெல்லாம் முன்பே தெரிந்துவிடும்.

இதற்கிடையே எம்.பி.எல்.எஸ். ஒப்பந்தத்தின் நகலை எடுத்து, முடித்துக்கொள்வதற்கான அறிவிப்புக் காலம் பற்றிய பத்தியைப் படியுங்கள். அறிவிப்புத் தராவிட்டால் இன்னொரு ஆண்டுக்குத் தானாக நீளும் என்ற வரி இத்தகைய ஒப்பந்தங்களில் இருப்பதுண்டு. 90 நாள் என்று இருந்தால், மார்ச் 31-க்கு உங்கள் கடிதம் டிசம்பர் 31-க்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மாற்ற வேலை முடியாத கிளைகளுக்கு மட்டும் மாதக் கணக்கில் நீட்டித்துத் தரும்படி அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒரு நகல் அனுப்புங்கள்.